சாமந்தி ஒத்துக்கொள்ளாத விரல்கள்

அரக்கோணத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு என் அண்ணன் மனைவி ஸ்பூன் கேட்டாள். பரிமாறுகிறவர் காதில் விழாதது போல நகர்ந்துவிட்டார். அவர் சாம்பார் வாளியோடு திரும்பி வந்தபோது மறுபடியும் கேட்டாள். எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா, "இன்னாமா, ஓட்டல்ல குந்திகினு துன்ற மாதிரி ஸ்பூன் கேக்குற" என்றாள். வரிசையே சிரித்தது. அண்ணன் மனைவியும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுபடியும் ஸ்பூன் கேட்டாள். கடைசியில் சமையல் கட்டிலிருந்து ஒரு நீளக் கரண்டி வந்தது. பாயசம் ஊற்றுகிற கரண்டி. அதை வைத்துக்கொண்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல், ரசம் சோற்றைச் சாப்பிட்டு முடித்தாள். பக்கத்து இலையில் நான். எனக்குக் காரணம் தெரியும். ரசம் பட்டால் அவள் விரல் தீயாக எரியும். அந்தப் பெரியம்மாவிடம் ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வடை நன்றாக இருந்தது, தின்றுகொண்டிருந்தேன்.

அண்ணன் மனைவியை எங்கள் திருத்தணி பக்கத்துத் தெலுங்கு கலந்த வீடுகளில் அண்ணி என்று கூப்பிட மாட்டோம், வதினா என்போம். வதினாவின் விரல்கள் அந்தச் சமயத்தில் பார்க்கும்படியாக இல்லை. நகத்தைச் சுற்றிலும் தோல் வெளுத்து, பொருக்குப் பொருக்காகக் கிளம்பி நிற்கும். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ரொம்ப மோசம். கிளம்பி நிற்கிற தோலைப் பார்த்தால் யாருக்குமே கை சும்மா இருக்காது. அவளும் பல்லால் கடித்து இழுப்பாள். அது வெறுமனே வராது, கீழே நல்ல தோலையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் வரும். இழுத்த இடத்தில் ரத்தம் கோடு போட்டது போலத் தெரியும். மறுநாள் அங்கேயே வீங்கிக்கொண்டு நிற்கும்.

அவள் பொதட்டூர்பேட்டையில் தறி ஓடும் வீட்டில் பிறந்தவள். எங்களுக்கு வாய்த்தது பூ. மலையடிவாரத்தில் அண்ணனுக்குப் பூக்கடை. விடியற்காலையில் சாமந்தி மூட்டைகள் வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் இறங்கும். ஈரச் சாக்கை விரித்துக் கொட்டிவிட்டால் நடக்க இடம் இருக்காது. வாசற்படியை ஒட்டிய இடம் வதினாவுடையது. அங்கே உட்கார்ந்தால் வெளிச்சமும் வரும், தெருவில் போகிற வருகிற சேதியும் வரும். பிறந்த வீட்டுத் தறியில் மிஞ்சின நூலைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு அதில்தான் கட்டுவாள். காம்பை நகத்தால் கிள்ளி, இரண்டு பூவை இந்தப் பக்கம், இரண்டை அந்தப் பக்கம் வைத்து நூலை ஒரு சுண்டு. பேச்சு ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்கும், கை பாட்டுக்கு ஓடும். தெருப் பெண்கள் நாலைந்து பேர் தாங்களாகவே வந்து சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். எந்த வீட்டில் யாருக்குப் பெண் பார்க்கிறார்கள், யார் மாமியாரோடு பேசுவதை நிறுத்தியிருக்கிறாள் என்பதெல்லாம் அந்தச் சாக்கைச் சுற்றித்தான் முடிவாகும். ஆடிக் கிருத்திகை வந்தால் புஷ்பக் காவடிக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் கடைக்குப் போகாமல் நேராக வீட்டுக்கே வருவார்கள். "உங்க கையால கட்டிக் குடுங்கமா" என்பார்கள். அப்போது அவள் நிமிர்ந்து பார்க்கிற பார்வையில் ஒரு தோரணை இருக்கும். அதை நான் கேலி செய்வேன். அந்தத் தோரணைதான் அவளுக்கு அந்த வீட்டில் இருந்த மரியாதை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

விரல் உரிய ஆரம்பித்ததும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உடம்புச் சூடு, எண்ணெய் தேய்த்துக் குளி என்றார்கள். சத்தில்லை, கீரை சாப்பிடு என்றார்கள். போர் தண்ணீரில் உப்பு என்றார்கள். பாத்திரம் தேய்க்கிற சோப்பை மாற்றினோம். அப்புறம் துணி சோப்பை மாற்றினோம். தேங்காய் எண்ணெய், நெய், கற்றாழை எல்லாம் தடவிப் பார்த்தாயிற்று. மருதாணி அரைத்து வைத்துக்கொண்டதில் ஒரு லாபம், உரிந்தது சிவப்பில் தெரியாமல் போயிற்று. எதிர்வீட்டுக்காரி ஒருத்தி இது நகச்சுத்தி என்று தீர்ப்புச் சொல்லி, எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகிவிட்டாள். உரிந்த தோலில் எலுமிச்சை! வதினா கத்தவில்லை. கண்ணில் தண்ணீர் முட்ட, "நல்லா கீதுக்கா, சில்லுனு கீது" என்றாள். உபகாரம் செய்ய வந்தவள் மனசு நோகக் கூடாதாம்.

நான் அப்போது சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. போக வர ரயிலில் கழிகிற நேரமெல்லாம் போனும் கையுமாக இருப்பேன். நகத்தோரத் தோல் ஏன் உரிகிறது என்று தேடித் தேடிப் படித்து, இறங்கும்போது பாதி டாக்டராக இறங்குவேன். கை எப்போதும் ஈரத்தில் இருக்கக் கூடாது. கிளம்பின தோலைப் பிய்க்கக் கூடாது, சுத்தமான நகவெட்டியால் அடியோடு வெட்டிவிட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் எண்ணெயோ களிம்போ தடவ வேண்டும். தண்ணீர் வேலைக்குக் கையுறை. இவற்றில் ஒன்றும் தப்பில்லை. கையுறை வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தேன். பாத்திரம் தேய்க்கும்போது போட்டுக்கொண்டாள். பூக்கட்டும்போதும் போட்டுக்கொள் என்றதற்கு, "ரப்பர் மாட்டிகினு சாமி பூவ தொடுவாங்களா பாப்பா? பாக்கறவங்க காறித் துப்புவாங்க" என்றாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சோப்பைச் சந்தேகப்பட்டோம், தண்ணீரைச் சந்தேகப்பட்டோம், அவள் சாப்பாட்டைக்கூடச் சந்தேகப்பட்டோம். கூடம் நிறையக் கிடந்த பூவை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. மலைமேல் போகிற பூ ஒருத்தருக்குக் கெடுதல் செய்யும் என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தோன்றும்?

தோல் டாக்டரிடம் நான்தான் அழைத்துப் போனேன். திருவள்ளூரில் ஒரு வயசான டாக்டர். விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இமை அரிக்கிறதா என்று கேட்டார். ஆங், அரிக்கும் என்றாள். என்ன வேலை என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அவள் தலையில் இருந்த பூவைக் காட்டி, "இதுதாம்மா. சாமந்தி சில பேருக்கு ஒத்துக்காது. காம்பக் கிள்றப்போ வர்ற சாறு நகத்தோரத்துல தங்கிடுது" என்றார். களிம்பு எழுதிக் கொடுத்தார். கொஞ்ச காலம் அந்தப் பூவை விட்டு விலகி இருந்து பார்க்கச் சொன்னார். விலகாவிட்டால் எந்தக் களிம்புக்கும் கேட்காது என்றார். வெளியே வந்ததும் வதினா தலையிலிருந்த பூவை எடுத்தாள். எடுத்தவளுக்கு அதை எங்கே போடுவதென்று தெரியவில்லை. வாசலில் குப்பைத்தொட்டி இருந்தது. பூவை அதில் போட அவளால் ஆகாது. ரயிலில் திருத்தணி வந்து சேரும்வரை அந்தப் பூவை உள்ளங்கையிலேயே மூடி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ நோயைக் கண்டுபிடித்துவிட்ட பெருமையில், வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அண்ணன் முதலில் நம்பவில்லை. "எத்தினி வருசமா கட்டிகினு கீறா, இப்ப வந்து பூ ஆகாதுன்னா?" என்று சிரித்தான். நான் விடவில்லை. அவனுக்கு வியாபாரம்தான் பெரிசு, மனைவியின் விரல் அழுகினாலும் கவலையில்லை என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அவன் முகம் சுருங்கிப் போயிற்று. அவன் அப்படிப்பட்டவன் இல்லை. மறுநாளே அவளிடம் பூவில் கை வைக்காதே என்று சொல்லிவிட்டான். ஆனாலும் விரல் ஆறவில்லை. எப்படி ஆறும்? மூட்டை இறங்குவது கூடத்தில், அவள் பெருக்குவது உதிர்ந்த இதழ்களை, சாமி படத்துக்கு வைப்பது அதே பூ. வீட்டில் மூச்சு விட்டாலே சாமந்திதான். அதையும் நான்தான் கண்டுபிடித்தேன். பொதட்டூர்பேட்டைக்கு அவளைக் கொஞ்ச காலம் அனுப்பி வை, ஆறுகிறதா இல்லையா பார்க்கலாம் என்று அண்ணனிடம் அடித்துச் சொன்னேன். வதினா அப்போது சமையல் கட்டில் இருந்தாள். எல்லாம் கேட்கிற தூரம்தான். பேசி முடித்து அவளிடம் போய் "துணி எடுத்து வெச்சிக்கோ வதினா" என்றேன். "பாவா இன்னா சொன்னாரு?" என்று மட்டும் கேட்டாள். பாவா என்றால் அண்ணன்தான், அவளுக்கு அத்தை மகன். அண்ணனும் சரி என்றுவிட்டான் என்றேன். எடுத்து வைத்துக்கொண்டாள்.

பிறந்த வீட்டில் விரல் ஆறிவிட்டது. நம்ப முடியாதபடி ஆறிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் போனேன். தறிச் சத்தத்துக்கு நடுவில் எனக்கு எதிரில் உட்கார்ந்து, ரசம் சோற்றைக் கையால் பிசைந்து, ஊறுகாயைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டுக் காட்டினாள். நகத்தைச் சுற்றித் தோல் வழவழவென்று புதுசாக இருந்தது. பார்த்தாயா என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளோ, "ஊட்ல யாரு கட்றா இப்ப?" என்றாள். தெருப் பெண்கள் வருகிறார்களா என்றாள். இங்கே எல்லாரும் எப்போது திரும்பிப் போகிறாய் என்று கேட்கிறார்கள், விரலுக்காக வந்திருக்கிறேன் என்றால் ஒருத்தரும் நம்பவில்லை என்றாள். "பாவாக்கும் எனக்கும் எதனா சண்டையான்னு எங்கம்மாவே கேக்குது பாப்பா. விரல காட்டுனா, இதுக்கா வந்தேன்னு விரலப் பாக்குது. அதுல ஒண்ணுமே இல்ல பாரு" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் திரும்பி வருவதற்குள், இனி வீட்டுக்குள் பூ வரக் கூடாது என்று நான் சொன்னதை அண்ணன் அப்படியே செய்துவிட்டிருந்தான். கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து மூட்டைகளை அங்கே மாற்றினான். கட்டுவதற்கு கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு பெண்ணை வைத்தான். கெட்டிக்காரி. தெருப் பெண்களும் அங்கேயே போக ஆரம்பித்தார்கள். பூ இருக்கிற இடத்தில்தானே பேச்சு இருக்கும். எங்கள் கூடம் துடைத்துவிட்டது போல ஆயிற்று. சோபா வந்தது, பெரிய டிவி வந்தது. வதினா நல்ல விரல்களோடு அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அவள் மகன் என்னைவிட இரண்டு வயசுதான் சின்னவன், அவனும் ஓசூரில் வேலைக்குப் போயிருந்தான். பகல் முழுக்க வாசலில் செருப்புச் சத்தம் இல்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஆர்டர் கொடுக்க வந்தவர்களை அவளே எழுந்து, "கொட்டாய்க்குப் போங்க, அங்க ஆள் கீது" என்று அனுப்பினாள். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒன்றும் நடக்காதது போல எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

எனக்குக் கல்யாணம் ஆகி ஆவடிக்குப் போன பிறகு, ஒரு நாள் ரயிலில் பழைய வழக்கப்படி எதையோ தேடிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது. சாமந்தி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மல்லியும் ரோஜாவும் ஆகாது என்று கட்டாயமில்லை, அவை வேறு வகை. டாக்டர் சொன்னதை அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். 'அந்தப் பூவை விட்டு' என்றுதான் அவர் சொன்னார். பூவையே விடு என்று சொல்லவில்லை. அவளைப் பூவிலிருந்தே விலக்கியது நான். மல்லி கட்டியிருக்கலாம், ரோஜாவைக் கட்டிப் பார்த்திருக்கலாம், வாசற்படி இடம் அவளுக்கே இருந்திருக்கும். உடனே அண்ணனுக்கு போன் செய்தேன். "இப்ப போய் அந்தப் பொண்ண எழுப்பிட்டு இவள குந்த வெக்க சொல்றியா?" என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வதினாவிடம் போனைக் கொடுத்தான். நான் திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். "உடு பாப்பா. நீ நல்லதுக்குத்தான் சொன்னே. நான் எதுனா சொன்னனா?" என்றாள். அவள் ஒன்றும் சொல்லவில்லைதான். நான்கு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

விரலைக் கெடுத்தவர்களாக இருந்தால் எந்த இடத்தில் தப்பு செய்தோம் என்று காட்டிவிடலாம். நான் ஆற்றினேன். காரணத்தைக் கண்டுபிடித்தேன், தீர்வைச் சொன்னேன், சொன்னது பலித்தது. இதில் குற்றம் எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே வக்கீல் வைத்துப் பேசிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும், துணி எடுத்து வைக்கச் சொன்ன அந்தச் சமையல் கட்டில் வந்துதான் நிற்கிறேன். அவள் விரலைப் பற்றி டாக்டர் பேசினார், நான் பேசினேன், அண்ணன் பேசினான். உனக்கு என்ன வேண்டும் என்று அவளை ஒருத்தரும் கேட்கவில்லை. பந்தியில் ஸ்பூன் கேட்க வாய் திறந்தவள், அவ்வளவு பேர் சிரித்தும் மறுபடி கேட்டவள், கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டாளா?

போன வருஷம் என் மகளுக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் புஷ்பக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். பிழைத்துவிட்டாள், இப்போது பால்வாடியில் பக்கத்துப் பிள்ளைகளைக் கிள்ளிவிட்டு வருகிறாள். இந்த ஆடிக் கிருத்திகைக்குக் காவடி என்று முடிவாயிற்று. திருத்தணி வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். கொட்டகையில் சொல்லி நல்லதாகக் கட்டித் தரச் சொல்கிறேன் என்றான் அண்ணன். "அத நான் கட்றேன்" என்றாள் வதினா.

அண்ணன் என்னைப் பார்த்தான். இவ்வளவு காலம் கழித்தும், அவள் விரலுக்கு உத்தரவு கொடுக்கிறவள் நான்தான் போலிருக்கிறது. வேண்டாம் என்று வாய்வரை வந்தது. மல்லியில் கட்டிக்கொள்ளலாம், ரோஜா வைக்கலாம் என்று யோசனை சொல்லத்தான் நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, "உனக்கு இன்னா பூ வேணும் வதினா?" என்றேன்.

"சாமந்திதான். காவடிக்கு வேற இன்னா பூ?" என்றாள். "மஞ்ச சாமந்தி. நல்லா கெட்டிப் பூவா பாத்து எடுத்தாரச் சொல்லு."

கூடத்து சோபாவை ஓரமாக நகர்த்தி, ஈரச் சாக்கு விரித்தோம். வாசற்படியை ஒட்டி அவள் உட்கார்ந்தாள். முதல் சுண்டு கொஞ்சம் தடுமாறியது, அதற்குப் பிறகு கை கண்ணுக்குப் பிடிபடவில்லை. தெருவில் போன ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். கொஞ்ச நேரத்தில் வாசல் முழுக்கச் செருப்பு. எதிர்வீட்டுக்காரி மகள் சம்பந்தம் ஏன் தட்டிப்போயிற்று என்பதிலிருந்து பேச்சு தொடங்கியது. நான் களிம்பைப் பையில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு காம்பையும் வதினா கிள்ளும்போது அவள் நகத்தோரத்தையே பார்த்தேன். என் மகளுக்கான வேண்டுதல், வதினாவின் தோலில் நடந்துகொண்டிருந்தது. நிறுத்து என்று சொல்லவும் எனக்கு யோக்கியதை இல்லை, கட்டு என்று சொல்லவும் இல்லை. மறுநாள் காவடி மலை ஏறியது. கூட்டத்தில் யாரோ "யாரு கட்னது இத?" என்று கேட்டபோது, வதினா அந்தப் பழைய தோரணையோடு திரும்பிப் பார்த்தாள். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். வெயில் அதிகம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

அந்த வாரக் கடைசியில் திருத்தணிக்குப் போனேன். பார்க்காமலே தெரியும், ஆனாலும் பார்த்தேன். நகத்தைச் சுற்றி வெளுத்து, கட்டைவிரலில் வெடிப்பு விட்டிருந்தது. இந்தத் தடவை அவள் மறைக்கவில்லை. நான் களிம்பை எடுத்ததும் தானாகக் கையை என் மடியில் வைத்தாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தடவ ஆரம்பித்தேன். எரிந்திருக்க வேண்டும். கையை இழுக்கவில்லை.

"அடுத்த வருசமும் எதனா வேண்டிக்கோ பாப்பா" என்றாள்.

என் மகளுக்கு இப்போது ஒரு குறையும் இல்லை. எதற்காக என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. "சரி வதினா" என்றேன். அவள் அடுத்த விரலை நீட்டினாள்.